சிறுவாட்டுக் கணக்கு

மாதக் கடைசி ஞாயிறு மதியம், சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுங்கவைத்துவிட்டு, தையல் மிஷினுக்குக் கீழே இருக்கும் டின்னை எடுப்பேன். பழைய பால் பவுடர் டின். கூடத்தில் செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்தால் முதலில் ஒரு பெரிய இரைச்சல். பிறகு ஒன்றிரண்டு காசுகள் மட்டும் உருண்டுபோய்ச் சுவரோரம் சுற்றிப் படுக்கும். ஐந்து ரூபாய்க் காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்குவேன். பழைய தடித்த வெள்ளைக் காசும் இப்போதைய மஞ்சள் காசும் ஒரே அடுக்கில் சேராது, உயரம் மாறிவிடும். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் பார்க்க ஒன்றுபோலவே வந்துவிட்டதால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். எண்ணி முடிக்கும்போது விரல் நுனி கறுத்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த உலோக வாடை ராத்திரி சோறு பிசையும்வரை போகாது.

பன்னிரண்டு வருடம் இதைச் செய்தேன். பால்ஸ் வைத்துக் கொடுத்த காசு, சேலைக்கு ஓரம் அடித்த காசு, ஹூக் மாற்றியது, சின்னதாகிப்போன ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தது, காய்கறி வாங்கிய மீதி, பால்காரருக்குப் போக நின்றது. ஜாக்கெட் தைத்த முழுக்கூலி வீட்டுச் செலவுக்குப் போய்விடும். அதற்கு மாத ஆரம்பத்திலேயே ஒரு வேலை காத்திருக்கும். இந்த உதிரிக்கு யாரும் காத்திருக்கவில்லை. அதனால்தான் அது டின்னுக்கு வந்தது.

எங்கள் மதுரைப் பக்கத்தில் இந்தப் பணத்துக்குப் பெயர் உண்டு: சிறுவாடு. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் இழுத்துப் பிடித்து, யாரிடமும் சொல்லாமல் பெண்கள் சேர்த்துவைப்பது. சேமிப்பு என்று சொன்னால் அது வேறு. அதற்குப் பாஸ்புத்தகம் உண்டு, நாமினி உண்டு, வருமான வரிக் கணக்கில் ஒரு கட்டம்கூட உண்டு. சிறுவாட்டுக்கு அது எதுவும் கிடையாது. அதன் ஒரே பாதுகாப்பு, அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான்.

என் அம்மாவின் சிறுவாடு கடுகு டப்பாவில் இருந்தது. முட்டை விற்றது, மோர் விற்றது, எருவாட்டி தட்டி விற்றது. எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் கடுகைக் கையால் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் நீட்டியபோது நோட்டின் மடிப்பிலிருந்து ரெண்டு கடுகு மேஜையில் விழுந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அப்பாவுக்கு அந்த டப்பாவைப் பற்றித் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் ஒரு நாளும் அதில் கைவைத்ததில்லை. அந்த ஊரில் அதுவே ஒரு கௌரவம்தான்.

அந்தக் கடுகு டப்பாவை அரசாங்கம் இரண்டு தடவை தட்டியது. 2011 ஜூன் 30-க்குப் பிறகு நாலணாவும் அதற்குக் கீழான காசுகளும் செல்லாது என்றானது. அம்மாவிடம் ஒரு கை நிறைய நாலணா தங்கிப்போனது. அதைவிடப் பெரிய அடி 2016 நவம்பர் 8 இரவு. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டிவியில் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் டப்பாவைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் கவிழ்த்தாள். முப்பத்தைந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், சிகரெட் போலச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு. அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. பணம் அண்ணன் கணக்குக்குப் போனது. அண்ணன் ஏமாற்றவில்லை. கேட்டபோதெல்லாம் கொடுத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் கேட்க வேண்டியிருந்தது. இருபது வருடச் சிறுவாடு ஒரே நாளில் மகனுடைய பணமாகி, தாய்க்கு அவன் கொடுக்கும் பணமாக மாறியது. அந்த மாற்றத்துக்கு எந்த ரசீதும் கிடையாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னுடைய சிறுவாட்டை நான் ஒளித்துவைக்கவில்லை. அதைக் கொண்டுபோய் வீட்டுக்கடனில் போட்டேன். அது சரியா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

வீடு கட்டக் கடன் வாங்கியது 2013-இல். பத்து லட்சம், இருபது வருடம். கணவர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். மனை அவர் பெயரில். வங்கியில் கேட்ட பேப்பர்களையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் கொண்டுபோனோம். கிரயப் பத்திரம், பட்டா, அதற்கு முன்னால் கைமாறிய பத்திரங்கள், எல்லாவற்றுக்கும் முன்னதான தாய்ப்பத்திரம். தமிழில் மூலப் பத்திரத்துக்குத் தாய்ப்பத்திரம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகத்தான் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து நிலங்களில் தாய் என்ற சொல் வரும் ஒரே காகிதம் பெரும்பாலும் அதுதான். அந்தப் பத்திரங்களை ஒப்படைப்பதே அடமானம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் இருக்கும் ஏற்பாடு இது. நிலத்தை உழலாம், வீட்டில் குடியிருக்கலாம், காகிதம் மட்டும் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். அந்தக் காலத்து ஒற்றியிலும் போக்கியத்திலும் கடன் கொடுத்தவர் நிலத்திலேயே வந்து இறங்கிவிடுவார். இதில் அவர் கண்ணுக்கே தெரியமாட்டார். அதனால் கடனில் இருக்கிறோம் என்பதை வருடக் கணக்கில் மறந்திருக்கவும் முடிகிறது.

ஒப்படைத்ததை எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார்கள். கடன் ஒப்பந்தத்தில் இணைக் கடனாளி என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். எத்தனை பக்கம் என்று எண்ணவில்லை. பேனா மை தீர்ந்து வேறு பேனா வாங்கினேன். கடனில் என் கையெழுத்து இருந்தது, பத்திரத்தில் என் பெயர் இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. வீடு கிடைக்கப்போகிற சந்தோஷம்தான் இருந்தது.

ஒரு வருடம் கழித்து வட்டிச் சான்றிதழ் வந்தது, வருமான வரிக்குக் காட்ட. அதைக் கணவர் மடித்து ஃபைலில் வைக்கப்போனார். நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு வருடத்தில் நாங்கள் கட்டியது ஒரு லட்சத்துக்கு மேல். அசலில் குறைந்தது இருபதாயிரம்கூட இல்லை.

கூட்டல் தப்பாக இருக்கும் என்று நினைத்தேன். தப்பில்லை. வட்டி ஏறி இறங்கினாலும், கணக்குக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து லட்சத்துக்கு, இருபது வருடத்துக்கு, மாதத் தவணை 8,997 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 7,500 ரூபாய் வட்டி. அசலுக்குப் போவது 1,497. மறு மாதம் அசல் அந்த 1,497 அளவுக்குக் குறைந்திருப்பதால் வட்டி பதினோரு ரூபாய் குறையும். இப்படியே பதினோரு ரூபாய், பன்னிரண்டு ரூபாயாக வட்டி இறங்க, அசல் கரைய வேண்டும். பத்து வருடம், அதாவது பாதிக் காலம் முடிந்த பிறகும் ஏழு லட்சத்துப் பத்தாயிரம் பாக்கி நிற்கும். அசலில் பாதி தீர்வதற்குப் பதினான்கு வருடம் ஆகும். இருபது வருடமும் ஒழுங்காகக் கட்டினால் மொத்தம் கொடுத்திருப்பது இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல்.

இதில் ஏமாற்று எதுவுமில்லை. எல்லாம் எழுதி, நாங்கள் கையெழுத்துப் போட்டதுதான். தவணை ஒரே தொகையாக இருப்பதால் ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு கடன் குறைகிறது என்று மனசு நினைத்துக்கொள்கிறது. உள்ளே நடப்பது வேறு. முதல் வருடங்களில் நாம் கட்டுவது பெரும்பாலும் காலத்துக்கு வாடகை.

அந்த 1,497-தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பத்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்து என்னால் எதுவும் செய்ய முடியாது. 8,997-ஐயும் தொட முடியாது. ஆனால் 1,497 எனக்குத் தெரிந்த எண். அது நாலைந்து சேலைக்குப் பால்ஸும் ஓரமும் சில ஜாக்கெட்டும். அதோடு என் டின்னிலிருந்து ஒரு முந்நூறு சேர்ந்தால் அசலுக்கு விழும் அடி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மொத்தக் கடனுக்கு முன்னால் ஒன்றுமில்லாத சில்லறை, இந்த இடத்தில் வைத்தால் கனக்கிறது.

கணக்கை முழுக்கப் போட்டுப் பார்த்தோம். தினம் பத்து ரூபாய், அதாவது மாதம் 300, முதல் மாதத்திலிருந்து அசலுக்குக் கட்டிவந்தால், கடன் இருபது மாதம் முன்னதாக முடியும். கையிலிருந்து கூடுதலாகப் போவது ஏறக்குறைய 66,000. கட்டாமல் தப்பிக்கும் வட்டி ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்தை ஒட்டி. தினம் முப்பது ரூபாயானால் நாலு வருடத்துக்கு மேல் குறைகிறது. இதை நம்பாமல் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். வந்து, சட்டைப் பையிலிருந்த சில்லறையை டின்னில் போட்டார். அதுதான் அவர் சம்மதம் சொன்ன விதம்.

சிறுதுளி பெருவெள்ளம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தப் பழமொழியில் எல்லாத் துளியும் ஒரே அளவு. கடனில் அப்படி இல்லை. முதல் மாதத்தில் அசலுக்குக் கட்டும் ஆயிரம் ரூபாய், இருபது வருட முடிவில் கட்ட வேண்டியதில் கிட்டத்தட்ட ஆறாயிரத்தைக் குறைக்கும். அதே ஆயிரத்தைப் பதினைந்து வருடம் கழித்துக் கட்டினால் குறைவது சுமார் 1,560 மட்டும். முந்தி விழுந்த துளி பெரிய துளி. வயதான பிறகு கைநிறைய வரும் ஓய்வூதியப் பணத்தில் கடனை அடைத்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. வறுமையான முதல் வருடங்களின் சில்லறைக்கு இருக்கும் பலம், வசதியான கடைசி வருடங்களின் நோட்டுக்கு இல்லை.

ஆனால் கொண்டுபோய்க் கட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. நாங்கள் கடன் வாங்குவதற்கு ஒரு வருடம் முன்புவரை, கடனை முன்னதாக முடிக்க வருபவரிடம் அபராதம் கேட்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. வட்டி ஏறி இறங்கும் வீட்டுக்கடன்களுக்கு அப்படி வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் சொன்னது. அந்த அபராதம் நீங்கிய பிறகு நாங்கள் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அப்படியும் முதன்முதலாக நான் கொண்டுபோன ஐயாயிரத்தை அசலில் வைக்காமல், வரப்போகும் தவணைக்கு முன்பணமாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டபோது கவுன்டரில் இருந்தவர், "நீங்க சொல்லலையேம்மா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன்: இந்தத் தொகையை அசலில் வரவு வைக்கவும், தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், தவணைக் காலத்தைக் குறைக்கவும். வீட்டுக்கடன் வைத்திருக்கும் யாருக்கும் நான் சொல்லக்கூடிய உருப்படியான வார்த்தை இந்த இரண்டு வரிதான்.

எல்லாக் காசையும் காசாகவே கொண்டுபோக முடியாது. ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாயை எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு நோட்டுத் தருவார். "இருக்கா தங்கச்சி?" என்று அவரே ஆள் அனுப்பிக் கேட்ட நாட்களும் உண்டு. பத்து ரூபாய்க் காசை மட்டும் தொடமாட்டார். எங்கள் ஊரில் பல வருடம் அப்படித்தான் இருந்தது. பஸ்ஸில் வாங்கமாட்டார்கள், பூக்காரம்மா வாங்கமாட்டாள். எது நல்லது, எது கள்ளது என்று கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தும் வதந்தி அடங்கவில்லை. யாரும் வாங்காததை எனக்குத் தையல் கூலியாகக் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. ஊர் ஒதுக்கிய காசு என் டின்னில் சேர்ந்தது. நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வங்கியில் கொடுத்தேன். காசாளர் முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டார். வெளியே செல்லாத காசு அங்கே கடனிலிருந்து ஒரு நாளை வெட்டியது.

அந்த வார்த்தைதான் எனக்கு வாய்த்தது: நாள். ரூபாயாக எண்ணும்போது டின்னில் இருப்பது அற்பம்தான். நாளாக எண்ணினால் அப்படி இல்லை. இருபது ரூபாய்க்கு ஹூக் மாற்றிக் கொடுத்தால், எப்போதோ 2030-களில் வரவிருந்த ஒரு காலைப்பொழுது எங்களுடையதாகிறது என்று நினைத்துக்கொள்வேன். துல்லியமான கணக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் இரவு பத்து மணிக்கு மேல் மிஷின் மிதிக்க அந்த நினைப்பு போதுமானதாக இருந்தது.

எங்கள் அண்ணன் மகன் படித்தவன். "அத்தை, இந்தப் பணத்தை எஸ்ஐபியில போட்டா இதைவிட அதிகம் வரும், வீட்டுக்கடன் வட்டிக்கு வரிவிலக்கு வேற இருக்கு, எதுக்கு அவசரம்?" என்று கேட்டான். அவன் சொன்ன கணக்கில் உண்மை இருக்கிறது. பத்து, பதினைந்து வருடம் பொறுத்தால் பங்குச் சந்தையில் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கடனில் அடைத்த ரூபாய் மிச்சம் பிடிக்கும் வட்டி நிச்சயமானது. ஆனால் நான் அவனுக்குச் சொன்ன பதில் இது இல்லை. "இந்தப் பணம் வேற எதுவாவும் ஆகியிருக்காதுப்பா" என்றேன். டின்னுக்கு வராவிட்டால் அது முதலீடாகியிருக்காது. பஜ்ஜியாகவும் ஹேர்கிளிப்பாகவும் ஆட்டோவாகவும் போயிருக்கும். அவையெல்லாம் தேவையற்றவை என்று சொல்லமாட்டேன். மகள் கேட்ட ஐஸ்கிரீமை வேண்டாம் என்று சொன்ன நாட்களில் சிலவற்றை இன்று திருப்பி வாங்க முடியுமென்றால் வாங்கிவிடுவேன்.

இன்னொரு கேள்விதான் என்னை உண்மையில் தடுமாறவைத்தது. அதை அம்மா கேட்டாள். 2020 ஊரடங்கின்போது. ஊர் முழுக்க முடங்கிக் கிடந்தது. கல்யாணம் இல்லை, கோயில் திருவிழா இல்லை, ஜாக்கெட் தைக்க யார் வருவார்? கடன் தவணைகளை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தள்ளிவைத்த மாதங்களுக்கு வட்டி ஏறும். கணவருக்குச் சம்பளம் வந்ததால் நாங்கள் தள்ளிப்போடவில்லை. ஆனால் நாலு வீடு தள்ளி இருக்கும் என் தோழி, வீட்டுக்காரருக்கு வேலை போய், கைமாற்றாக ஐயாயிரம் கேட்டு வந்தாள். டின்னில் எண்பது ரூபாய் இருந்தது. மார்ச் மாதம்தான் எல்லாவற்றையும் அசலில் கட்டியிருந்தேன். கடனில் போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சிறுவாடுன்னா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும்டி. நீ அதைக் கொண்டுபோய்க் கிணத்துல போட்டுட்டே" என்றாள்.

அவள் சொன்னது சரி. சிறுவாட்டின் உயிரே, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாரையும் எழுப்பாமல் எடுக்க முடிவதில் இருக்கிறது. பெண்கள் அதைச் சேர்த்தது வீட்டைக் காக்க மட்டும் இல்லை, வீட்டிடமிருந்து தங்களைக் காக்கவும்தான். நான் அந்தக் காவலை எடுத்து வீட்டுக்கே கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து டின்னில் பாதி, கடனில் பாதி என்று வைத்துக்கொண்டேன். கடன் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற வெறியில் கையிருப்பைத் துடைத்துக் கட்டுபவர்களுக்கு அம்மாவின் வார்த்தையை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

2022 மே மாதம் தொடங்கி, அடுத்த பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. எங்கள் தவணைத் தொகை மாறவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். கணக்கு விவரம் எடுத்துப் பார்த்தால், மிச்சத் தவணை பத்து மாதம் கூடியிருந்தது. எங்களைக் கேட்காமலே வட்டி உயர்வைக் காலத்தில் ஏற்றியிருந்தார்கள். அன்று ராத்திரி டின்னைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. ஹூக் ஹூக்காக வாங்கிய பத்து மாதம், டெல்லியிலோ மும்பையிலோ நடந்த ஒரு கூட்டத்தின் முடிவில் போய்விட்டது. இப்படி வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, முன்கூட்டிக் கட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்த உத்தரவைப் படித்தபோது, எங்களைப் போல எத்தனை வீடுகளில் மாதங்கள் சத்தமில்லாமல் நீண்டிருந்தால் இது வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடன் சில்லறையால் மட்டும் முடியவில்லை. கணவரின் அகவிலைப்படி நிலுவை, முதிர்ந்த ஒரு எல்ஐசி பாலிசி, நான் கட்டிய ஒரு சீட்டு எல்லாம் சேர்ந்தன. ஆனால் அந்தப் பெரிய தொகைகள் கடனில் போய்ச் சேர்ந்ததற்குச் சில்லறைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். மாதாமாதம் பத்து ரூபாயை எண்ணி அசலில் கட்டிய வீட்டில், ஒரு லட்சம் வரும்போது அது டிவியாக மாறாது. வழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. தண்ணீர் அதில் ஓடியது.

2025 தொடக்கத்தில் கடைசித் தொகையைக் கட்டினோம். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்குப் பதினெட்டாம் நாளில் கிடைத்தது. மஞ்சள் பைக்குப் பதில் இப்போது துணிப்பை. தாய்ப்பத்திரத்தைப் பிரித்தபோது மடிப்பு கிழிந்துபோகும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்கு விவரத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துப் பக்கங்கள். நான் கட்டியது ஒவ்வொன்றும் ஒரு வரியாக இருந்தது, கணவர் பெயரில் இருக்கும் கடன் கணக்கில், அவருடைய வீட்டுக்கு வந்த வரவாக. 4,200. 3,750. 6,100. அந்த 3,750-இல் ஒரு கல்யாண வீட்டின் பதினோரு சேலையின் பால்ஸ் இருந்தது எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. அம்மாவின் முப்பத்தைந்து நோட்டுகள் அண்ணன் கணக்கில் போனதுபோலவே என் டின்னும் போயிருந்தது. வித்தியாசம் ஒன்றுதான்: அவளுடையது ஒரே காலையில் போனது, என்னுடையது பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்டது.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "என்னங்க, கடனுக்கு எங்கையெழுத்து வாங்கினாங்கள்ல. வீட்டுக்கு வேணாமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. எழுந்து கைகழுவிவிட்டு வந்து, "இவ்வளவு நாள் எனக்குத் தோணவே இல்லையே" என்றார். தோன்றாமல் போனது அவருக்கு மட்டும் இல்லை. எனக்கும்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனோம். முதலில் வங்கிக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிய. இரண்டாவது, வீட்டில் பிரிபடாத பாதிப் பாகத்தை அவர் எனக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம் பதிய. என்னைக் கேமரா முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், கைரேகை வைக்கச் சொன்னார்கள். விரல் முழுக்க ஊசித் தழும்பு. ரேகை சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவை அழுத்தச் சொன்னார் அங்கிருந்த பெண்.

சில வாரம் கழித்து வில்லங்கச் சான்றிதழ் எடுத்தோம். கடன் தீர்ந்தால் வில்லங்கத்திலிருந்து அடமானம் அழிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அழியவில்லை. 2013-இல் பத்திரங்களை ஒப்படைத்த பதிவு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே ரசீது ஆவணம் இன்னொரு பதிவாக நிற்கிறது. பட்ட கடனும் தீர்ந்த கடனும் இந்த மனையின் கதையில் அடுத்தடுத்து இருக்கும், நாங்கள் போன பிறகும் இருக்கும். அதற்கும் கீழே மூன்றாவதாக ஒரு பதிவு. எழுதிக்கொடுத்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயர், எழுதி வாங்கியவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

அந்தச் சான்றிதழை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு, "டின்னுல இப்ப எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"நானூத்திச் சொச்சம் இருக்கும்மா."

"அதை எடுக்காத" என்றாள்.